'இவாஞ்சலிக்கல்' என்றால் யார்? மத நம்பிக்கையா, ஓட்டு வங்கியா?

அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் போதும், 'இவாஞ்சலிக்கல் வாக்குகள் யாருக்கு?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். 2016, 2020, 2024 என மூன்று தேர்தல்களிலும் வெள்ளையின இவாஞ்சலிக்கல்களில் கிட்டத்தட்ட 10-ல் 8 பேர் டிரம்ப் பக்கம் நின்றதாக எக்ஸிட் போல்கள் சொல்கின்றன. சரி, யார் இவர்கள்?

எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

'நல்ல செய்தி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் இதற்கு வேர். தமிழில் புராட்டஸ்டன்ட்டுகள் 'சுவிசேஷம்' என்றும், கத்தோலிக்கர்கள் 'நற்செய்தி' என்றும் சொல்வது இதைத்தான். 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரின் ஆதரவாளர்களுக்கு இந்தப் பெயர் வந்தது. ஜெர்மனியில் இன்றைக்கும் 'இவாங்கெலிஷ்' என்றால் புராட்டஸ்டன்ட் என்றுதான் அர்த்தம். அமெரிக்க பாணி இவாஞ்சலிக்கல்களைக் குறிக்க அங்கே 'இவாங்கெலிகால்' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரில் இருப்பதும் அந்தப் பழைய அர்த்தம்தான். அதைப் பார்த்துவிட்டு 'இவங்களும் டிரம்ப் ஆதரவு சர்ச்சா?' என்று கேட்டால் தப்பு.

நான்கு அடையாளங்கள்

நாம் இன்று கேள்விப்படும் இவாஞ்சலிக்கல் இயக்கம், ஜான் வெஸ்லி, ஜார்ஜ் விட்ஃபீல்டு போன்றோர் நடத்திய 18-ம் நூற்றாண்டு எழுப்புதல் கூட்டங்களில் இருந்து வளர்ந்தது. வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் இதற்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: தனிப்பட்ட மனமாற்றம், பைபிளே இறுதி அதிகாரம், சிலுவை மரணத்துக்கு முக்கியத்துவம், விசுவாசத்தைச் செயலில் காட்டுவது. கவனியுங்கள், இந்த நான்கில் எந்தக் கட்சியும் இல்லை.

அரசியல் எப்போது நுழைந்தது?

1976-ல் தன்னை 'மறுபடியும் பிறந்த' கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஜிம்மி கார்ட்டர் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்! மூன்றே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். கருக்கலைப்பு, பள்ளிகளில் ஜெபம் போன்ற விவகாரங்கள் தேர்தல் பிரச்னைகளாகின. 1980-ல் அந்த அமைப்பு நின்றது கார்ட்டருக்கு எதிராக, ரீகன் பக்கம்.

கணக்கில் என்ன சிக்கல்?

எக்ஸிட் போலில் நான்கு அடையாளங்களையும் யாரும் சரிபார்ப்பதில்லை. 'நீங்கள் மறுபடியும் பிறந்த அல்லது இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவரா?' என்று ஒரே கேள்வி. ஆமாம் என்று சொன்னால் கணக்கில் சேர்ந்தாச்சு. சர்ச்சுக்குப் போகிறாரா, இல்லையா என்பது வேறு விஷயம்.

டிரம்ப்பை ஆதரித்த வெள்ளையினத்தவரில் சிலர் 2016-க்கும் 2020-க்கும் இடையில் புதிதாகத் தங்களை இவாஞ்சலிக்கல் என்று அடையாளப்படுத்தத் தொடங்கியதாக 2021-ல் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. அதாவது, நம்பிக்கை ஓட்டைத் தீர்மானிப்பது போய், ஓட்டே அடையாளத்தைத் தீர்மானிப்பதும் நடக்கிறது.

மறுபக்கம், இதே நம்பிக்கைகள் கொண்ட கறுப்பினக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள். ஆய்வுகளில் அவர்கள் பெரும்பாலும் தனிப் பிரிவு. 'இவாஞ்சலிக்கல்கள்' என்று பொதுவாக எழுதும்போது முதலில் காணாமல் போவது இவர்கள்தான்.

இந்த அரசியல் சாயம் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'இவாஞ்சலிக்கல் ஃபெலோஷிப்' மாணவர் அமைப்பு 2017-ல் 'கிறிஸ்டியன் ஃபெலோஷிப்' என்று பெயரை மாற்றிக்கொண்டது.

குழப்பிக்கொள்ளாதீர்கள்

இவாஞ்சலிஸ்ட் என்பவர் நற்செய்தி அறிவிக்கும் ஊழியர். இவாஞ்சலிக்கல் என்பது ஒரு நம்பிக்கைப் போக்கு. பிரேசிலில் 'இவாஞ்செலிகோ' என்றால் பெந்தெகொஸ்தே உட்பட புராட்டஸ்டன்ட்டுகள் அனைவரையுமே குறிக்கும்.

ஆக, அடுத்த முறை 'இவாஞ்சலிக்கல்கள் இவருக்கே ஆதரவு' என்று தலைப்பு வந்தால் இரண்டு கேள்விகள் போதும்: எந்த நாட்டில்? எந்த இனத்தவர்? செய்தியில் பதில் இல்லையென்றால், அந்தத் தலைப்பைப் பாதி மட்டும் நம்பலாம்.