சிப் மாறினால் போதுமா?

இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து ஆர்ம் செயலிக்கு மாறும் விண்டோஸ் மடிக்கணினி நிறுவனங்களுக்கு முட்டுக்கட்டை வேகமோ பேட்டரியோ அல்ல. வாங்குபவரிடம் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்களும் கருவிகளும்தான். ஆர்ம் செயலியுடன் 2012-இல் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. மறு ஆண்டே, தேங்கிய சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுத நேர்ந்தது. 2024-இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் சிப்புடன் வந்த மடிக்கணினிகள் எவ்வளவோ மேல். பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸில் உள்ள பிரிசம் என்ற எமுலேட்டர் ஓட்டிவிடுகிறது. ஆனால் கருவிகளை இயக்கும் டிரைவர் விஷயத்தில் அதுவும் கைவிரிக்கிறது. அலுவலக மூலையில் கிடக்கும் பழைய ஸ்கேனருக்குப் புதிதாக ஆர்ம் டிரைவர் எழுதித்தர, அதை எப்போதோ விற்றுக் காசு பார்த்துவிட்ட நிறுவனத்துக்கு என்ன தலையெழுத்து?

ஆப்பிள் 2020-இல் இன்டெலை விட்டு ஆர்முக்கு மாறி ஜெயிக்கவில்லையா என்று கேட்கலாம். ஆப்பிளுக்குச் சிப் வடிவமைப்பு, இயங்குதளம், கணினி மூன்றும் ஒரே கையில். இன்டெல் மேக்குகளை அது படிப்படியாக நிறுத்தியதால் மென்பொருள் நிறுவனங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. டெல்லும் லெனோவாவும் ஒரே கடையில் இன்டெல், ஏஎம்டி மாடல்களையும் சேர்த்தே விற்கின்றன. அங்கே யார் அவசரப்படுவார்கள்? போதாததற்கு, 2024 செப்டம்பரில் வந்த இன்டெலின் லூனார் லேக் சிப், ஆர்மின் பேட்டரி என்ற துருப்புச்சீட்டையும் பாதி பறித்துக்கொண்டது. ஆகவே, ஆர்ம் மடிக்கணினியில் எந்தெந்தக் கருவிகள் வேலை செய்யாது என்பதை விற்பவர்கள் பெட்டியின் மேலேயே அச்சிடட்டும்.