மீதி வந்தது எப்படி?

ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தால் மீதி பூச்சியம். முதல் வகுப்பிலேயே நாம் கற்ற கணக்கு இது. ஆனால் பிரபஞ்சத்தின் கணக்கில் மட்டும் மீதி பூச்சியம் ஆகவில்லை. அந்த மீதிதான் நாம்!

ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு. எலக்ட்ரானுக்குப் பாசிட்ரான். நிறையில் இரண்டும் சமம், மின்னூட்டம் நேர்மாறு. 1928-இல் டிராக் என்ற ஆங்கில விஞ்ஞானி அமைத்த சமன்பாடு இதற்கு வழிகாட்டியது. 1932-இல் அமெரிக்கரான ஆண்டர்சன், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பாசிட்ரானைக் கண்டார். துகளும் எதிர்த்துகளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து கதிர்களாகிவிடும்.

சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரபஞ்சம் தோன்றிய வேளையில், இவை இணை இணையாகவே பிறந்தன. அப்படியானால் இணை இணையாக அழிந்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். மலையும் கடலும் மல்லிகையும் எங்கிருந்து வந்தன? எதிர்ப்பொருள் நூறு கோடி என்றால், பருப்பொருள் நூறு கோடியே ஒன்று என்ற அளவில் மிகுந்திருந்ததாம். அந்த ஒன்றுதான் விண்மீனும் மண்ணும் ஆயிற்று.

எதிர்ப்பொருள் வேறோர் மூலையில் தனி உலகமாய் இருக்கலாமே என்பர் சிலர். இருந்தால், இரண்டும் உரசும் எல்லையில் காமாக் கதிர்கள் வீச வேண்டும். அவ்வாறு எங்கும் காணவில்லை. "தொடக்கமே அப்படித்தான்" என்பர் வேறு சிலர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அது விடையன்று, கேள்வியைக் கைவிடுவதாகும்.

கண்ணாடியில் தெரியும் உலகிலும் இயற்கையின் விதிகள் மாறா என்று ஒருகாலத்தில் எல்லாரும் நம்பினர். 1956-இல் லீ, யாங் என்ற இருவர் அதை ஐயுற்றனர். சீனாவில் பிறந்த வூ அம்மையார், கோபால்ட்டைக் கடுங்குளிரில் வைத்துச் சோதித்து, இயற்கை இடம் வலம் பார்க்கிறது என்று மெய்ப்பித்தார். 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது, அம்மையாருக்குக் கிடைக்கவில்லை. 1964-இல் குரோனினும் ஃபிட்சும், கேயான் என்னும் துகள்களை ஆராய்ந்து, பருப்பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் நடத்தையில் நுண்ணிய வேறுபாடு உண்டு எனக் கண்டனர். புரோட்டானின் இனமான பேரியான் துகள்களிலும் அத்தகைய வேறுபாட்டை 2025-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தினர் அறிவித்தனர். ஆயினும், இதுவரை கண்டவை யாவும் சேர்ந்தும் அந்த 'ஒன்றை' விளக்கப் போதவில்லை. விடை இன்னும் காத்திருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேலே எந்தப் பிரிவு என்ற பேச்சு வீடுதோறும் எழும். "பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் கடினம், அது அப்படித்தான்" என்ற சொல்லும் கூடவே எழும். அன்புள்ள பெற்றோரே, இந்த 'அப்படித்தான்' என்பதும் விடையன்று! வூ அம்மையார் அதைக் கேட்டு அடங்கியிருந்தால் இயற்கையின் ஓர் உண்மை இன்னும் சில காலம் மறைந்தே கிடந்திருக்கும்.

தோழியரே, நூறு கோடியில் ஒன்றாய் எஞ்சியவர்கள் நாம். ஏன் எஞ்சினோம் என்று நாமே கேட்போம். விடையையும் நாமே தேடுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி