காபி இல்லாத காபி உருண்டை

இப்போதெல்லாம் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும், நிச்சயதார்த்தத்துக்குப் போனாலும், பாதுஷாவுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு உருண்டை உட்கார்ந்திருக்கிறது. என்ன என்று கேட்டால் 'டிராமிசு ட்ரஃபிள்' என்கிறார்கள். அடுப்பில் வேகவைக்காமல் செய்கிற இத்தாலி இனிப்பாம், காபி மணம் தூக்குமாம். வாயில் போட்டால் முதலில் சர்க்கரை, பிறகும் சர்க்கரை, கடைசியில் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொள்கிறது. காபியை நாக்கு தேடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு மிட்டாய்க்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், ஒரு மிட்டாய்க்குத்தான். நம் வயதில் பலருக்கு டாக்டர் 'எப்போதாவது ஒன்று' என்று அனுமதித்திருக்கிறார். அந்த ஒன்றை இப்படி வீணாக்கினால் கோபம் வராதா?

போன தீபாவளிக்குத் தெரிந்தவர் ஒருவர் இதில் ஒரு பெட்டி கொடுத்தார். தங்க நிறக் காகிதம், ரிப்பன், உள்ளே பன்னிரண்டு உருண்டைகள். முப்பது வருஷத்துக்கு மேல் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற புத்தி. உள்ளே போட்ட பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதல் பெயர், சர்க்கரை. இரண்டாவது, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு. அப்புறம் மைதா பிஸ்கட், பால் பவுடர். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதில் கடைசிக்கு முந்தைய இடத்தில் 'காபி சுவையூட்டி' என்று இருந்தது. காபி அல்ல, சுவையூட்டி. முன்பக்கத்திலோ ஆவி பறக்கும் காபிக் கோப்பை படம், சுற்றிலும் காபிக்கொட்டைகள்.

மளிகைக் கடையில் விற்கிற சிக்கரி கலந்த காபித்தூளை எடுத்துப் பாருங்கள். காபி எத்தனை சதவிகிதம், சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று போட்டிருக்கும். போட்டாக வேண்டும். காபி 51 சதவிகிதத்துக்குக் குறையவும் கூடாது. நாம் குடிக்கிற காபிக்கு இந்தக் கணக்கைக் கேட்கிற நாடு, காபிக் கோப்பைப் படம் போட்டு விற்கிற இனிப்புக்கு மட்டும் ஏன் கேட்காமல் விடவேண்டும்? உள்ளே எத்தனை கிராம் காபி என்று ஒரு வரி அச்சிடச் சொன்னால் போதும், பாதிக் கடைகள் அந்தப் படத்தைத் தாங்களாகவே எடுத்துவிடும்.

இந்த இனிப்பின் ஊர் இத்தாலியின் வடகிழக்கில் உள்ள ட்ரெவீசோ. அங்கே லே பெக்கெரியே என்ற உணவகம். அதை நடத்திய குடும்பத்தின் ஆல்பா காம்பெயோல் அம்மையாரும், அங்கே இனிப்பு செய்துகொண்டிருந்த ராபர்ட்டோ லிங்குவானோட்டோவும் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பார்கள். 1972-ல் விலைப்பட்டியலில் ஏறியது. பக்கத்து மாகாணமான ஃப்ரியூலிக்காரர்கள் 'அதெல்லாம் இல்லை, நாங்கள்தான் முதலில்' என்று சண்டை. 2017-ல் இத்தாலி அரசின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் அவர்கள் பெயரிலேயே அது சேர்ந்துவிட, ட்ரெவீசோ பக்கம் ஒரே கொதிப்பு. யார் முதலில் என்ற சண்டை நமக்கு வேண்டாம். பெயருக்கு என்ன பொருள் என்பதுதான் முக்கியம்: 'என்னைத் தூக்கிவிடு'. சோர்ந்து உட்கார்ந்தவரை எழுப்பிவிடுகிற தின்பண்டம். எதனால் எழுப்பும்? முட்டை மஞ்சள் கரு, மஸ்கார்போனே என்கிற கெட்டி க்ரீம், அதற்கெல்லாம் மேலாகக் கடுங்காபி. பிஸ்கட்டைக் காபியில் நனைத்து அடுக்கி, க்ரீம் பூசி, மேலே சர்க்கரை சேராத கோகோப் பொடியைச் சலித்துத் தூவுவார்கள். கீழே கசப்பு, மேலே கசப்பு, நடுவில் கொஞ்சம் இனிப்பு. அதுதான் அதன் கட்டுமானம். ட்ரெவீசோ உணவகத்தின் பழைய செய்முறையில் மது கூடக் கிடையாது. மார்சாலா, ரம் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

உருண்டையாகப் பிடிப்பது டிராமிசுவே அல்ல என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். இத்தாலி வீடுகளிலேயே பிஸ்கட்டைப் பொடித்து, மஸ்கார்போனேயும் காபியும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னதாக உருட்டி, கோகோவில் புரட்டி 'தர்த்துஃபீனி' என்று வைக்கிறார்கள். தர்த்துஃபோ என்பது மண்ணுக்கடியில் விளைகிற, விலை அதிகமான காளான். மண் ஒட்டிய அந்தக் காளான் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆகவே வடிவத்தில் எனக்குத் தகராறு இல்லை. காபியை எடுத்துவிட்டு, கோகோவை எடுத்துவிட்டு, மஸ்கார்போனேயையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் தகராறு.

கடைக்காரராவது லாபத்துக்காகச் செய்கிறார். வீட்டில் செய்கிறவர்களுக்கு என்ன வந்தது? டிவியிலும் செல்போனிலும் காட்டுகிற 'ஐந்தே நிமிட' செய்முறையைப் பாருங்கள். 200 கிராம் பிஸ்கட் பொடி, அரை டின் கண்டென்ஸ்டு மில்க், அரை ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள், மேலே உருக்கின காம்பவுண்டு சாக்லேட். கணக்குப் போடுவோம். பிஸ்கட்டில் நூற்றுக்கு இருபது கிராம் சர்க்கரை என்றால் 40 கிராம். 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க்கில், பாலில் இயல்பாக இருப்பதை விட்டு, சேர்த்த சர்க்கரை மட்டும் சுமார் 90 கிராம். காம்பவுண்டு 150 கிராமில் பாதி, 75. ஆக 205 கிராம். 25 உருண்டை வரும் என்று வைத்தால் ஒன்றுக்கு 8 கிராமுக்கு மேல். குழந்தைகள் ஒன்றோடு நிற்குமா? மூன்று தின்றால் 25 கிராம் ஆச்சு. சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அது வளர்ந்தவர்களுக்கான அளவு.

அந்த அரை ஸ்பூன் காபித்தூள் எதற்கு? நிறத்துக்கு. வேறு எதற்கும் இல்லை. இத்தனை சர்க்கரைக்கு முன்னால் அது வாயே திறக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தியக் காபியை வெளிநாடுகளில் அதிகம் வாங்குகிற நாடுகளில் முன்னால் நிற்பது இத்தாலிதான். குடகிலும் சிக்மகளூரிலும் வயநாட்டிலும் விளைகிற நம் ரொபஸ்டா, அவர்கள் எஸ்பிரஸோவுக்கு நுரையும் கனமும் கொடுக்கப் போகிறது. நம் கொட்டையை வைத்து அவன் டிராமிசு செய்கிறான். நாம் அவன் டிராமிசுவை எசென்ஸ் வைத்துச் செய்கிறோம்!

எஸ்பிரஸோ மிஷின் இல்லையே என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். இத்தாலி வீடுகளில் பெரும்பாலும் அந்த மிஷின் கிடையாது. அல்ஃபோன்ஸோ பியாலெட்டி 1933-ல் கொண்டுவந்த எண்கோண வடிவ அலுமினியக் கெண்டிதான் அடுப்பில் ஏறும். கீழே உள்ள தண்ணீர் கொதித்து, தூளுக்குள் புகுந்து மேலே ஏறி வரும். நம் ஃபில்டரில் மேலே ஊற்றியது தூள் வழியாகக் கீழே இறங்குகிறது. ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, முதல் டிகாக்‌ஷன் டிகாக்‌ஷன்தான். இதற்கு நம் பித்தளை ஃபில்டர் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரே ஒரு விஷயம்: இதற்கு மட்டும் சிக்கரி கலக்காத தூள் வாங்குங்கள். சிக்கரி கெட்டித்தனத்தையும் கருமையையும் கொடுக்கும், காபியின் மணத்தைக் கொடுக்காது. குவித்து மூன்று பெரிய ஸ்பூன் தூளுக்கு 100 மில்லி கொதிநீர் விட்டால் 60 மில்லி சொச்சம் இறங்கும். அது போதும்.

மஸ்கார்போனே கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை என்பது அடுத்த சாக்கு. அதை வீட்டில் செய்வது பனீர் செய்வதைவிடச் சுலபம். 35 சதவிகிதக் கொழுப்புள்ள பால் க்ரீம் அரை லிட்டர் வாங்குங்கள். சமையலுக்கு என்று விற்கிற டப்பா க்ரீமில் பெரும்பாலும் 25 சதவிகிதம்தான், அது சரியாகக் கெட்டிப்படாது. 'நான்-டெய்ரி' என்று போட்ட விப்பிங் க்ரீமைத் தொடவே தொடாதீர்கள், அதுவும் பாம்கர்னல் எண்ணெய் சமாச்சாரம். க்ரீமை ஒரு பாத்திரத்தில் விட்டு, அதைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஓரம் சிலிர்க்கிற வரை சூடாக்குங்கள். பொங்க விடக்கூடாது. எலுமிச்சைச் சாறு ஒரு பெரிய ஸ்பூன் விட்டு மெதுவாகக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் கரண்டியின் முதுகில் படிகிற பதம் வரும். பால் மாதிரி திரிந்து நிற்காது, பயப்படாதீர்கள். ஆறவைத்து, மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, அடியில் ஒரு கிண்ணம் வைத்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். பனீர் மாதிரி பிழியக்கூடாது. காலையில் வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவில் ஒன்று, 300 கிராமுக்குக் குறையாமல் இருக்கும்.

இனி உருண்டைக்கு வருவோம். இத்தாலிக்காரரின் சவோயார்டி பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம். நம் மாரி பிஸ்கட் அல்லது சாதா ரஸ்க் 200 கிராம், ரவைப் பதத்துக்குப் பொடித்தது. மஸ்கார்போனே 200 கிராமில் பொடித்த சர்க்கரை 40 கிராம் கலந்து, பொடியைச் சேர்த்து, டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். டிகாக்‌ஷன் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக விட்டால் க்ரீம் உருகி நெய் பிரிந்துவிடும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் 25 தேறும். மொத்தச் சர்க்கரை 80 கிராம், ஒன்றுக்கு 3 கிராம் சொச்சம். வெண்ணெய்க் கொழுப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆனால் இரண்டிலேயே திருப்தியாகிவிடும், காபியின் கசப்பு நாக்கை நிறுத்திவிடும். இனிப்புக்கு அந்தக் குணம் கிடையாது, அது இன்னொன்று கேட்கும்.

முட்டை இல்லாத டிராமிசுவா என்று கேட்பவர்களுக்கு: வேகாத மஞ்சள் கரு எழுபது வயதுக்காரருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஏற்றதல்ல. உருண்டைக்கு அது தேவையும் இல்லை. குழந்தைக்குக் காபியா என்று பதறுபவர்களுக்கு: 60 மில்லி டிகாக்‌ஷன் 25 உருண்டைக்குப் பிரிகிறது, ஒன்றில் அரை ஸ்பூன் கூட இல்லை. சாக்லேட் பானம் என்று தினமும் இரண்டு வேளை சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கிறபோது வராத பதற்றம் இதற்கு மட்டும் ஏன் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பாகற்காயை ஒதுக்குகிறார்கள், வெந்தயக்கீரையை ஒதுக்குகிறார்கள் என்று புலம்புகிறோம். தின்பண்டத்தில் இருந்த கடைசிக் கசப்பையும் நாமே வழித்து எறிந்துவிட்டால் அவர்கள் நாக்கு எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? என் பேத்தி முதல் உருண்டைக்கு முகத்தைச் சுளித்தாள். "தாத்தா, இது கசக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுத்தாள்.

'நமக்கு ரவா லட்டு போதாதா?' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரவா லட்டு நல்ல லட்டு. அதை ரவா லட்டு என்றே சொல்லித்தானே கொடுக்கிறோம்.

கடைசியாகக் கோகோ. சர்க்கரை சேராத கோகோப் பொடி என்று பார்த்து வாங்குங்கள். 'டிரிங்கிங் சாக்லேட்' என்று பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், அது பெரும்பாலும் சர்க்கரைதான். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் புரட்டினால் போதும், முன்கூட்டியே புரட்டினால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். நம் ஊர் வெயிலில் இருபது நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். என் வீட்டில் இதுவரை மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.