முறிந்த மணமும் முறியாத கடனும்

சென்ற ஞாயிறு மாலை, எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள அம்மையார் ஒருவர் இல்லம் தேடி வந்தார். கையிலே ஒரு கடித உறை இருந்தது. உள்ளே அவருடைய மகளின் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி. "இதிலே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதே, பிறகும் வங்கி ஏன் என் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறது?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் தழுதழுத்தது.

மகள் அமெரிக்காவிலே நியூ ஜேர்சி மாநிலத்தில் வசிப்பவள். மணவாழ்வு நடந்த நாளில் கணவனும் மனைவியுமாகக் கையொப்பமிட்டு ஓர் இணைக் கடனட்டை பெற்றிருந்தனர். பிரியும்போது அதில் ஏறத்தாழ 6,000 டொலர் நிலுவை. அதனைக் கணவரே தீர்க்கவேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் சில மாதங்கள் செலுத்தினார், பின்னர் நிறுத்திவிட்டார். இன்று அவள், குழந்தையின் பாடசாலைக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டால், உரிமையாளர் அவளது கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு மறுத்துவிடுகிறார்.

சகோதரிகளே, இந்தத் தாயின் கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தீர்ப்பு கட்டுப்படுத்துவது வழக்காடிய இருவரை மாத்திரமே. வங்கி அவ்வழக்கிலே ஒரு தரப்பன்று. வங்கியிடம் இருப்பது இருவரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை. அதன்படி ஒவ்வொருவரும் பாதிக் கடனுக்கல்ல, முழுக் கடனுக்கும் பொறுப்பாளர். ஒருவர் கைவிரித்தால் மற்றவரைத் தேடி வருவதற்கு வங்கிக்கு உரிமையுண்டு.

விவாகரத்தினாலேயே ஒருவருடைய கடன் மதிப்பு குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அமெரிக்காவிலே ஈக்குவிபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்னும் மூன்று பெரும் பணியகங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கின்றன. திருமணத்தால் இரு பதிவேடுகள் ஒன்றாவதுமில்லை. பிரிவதனால் புள்ளி குறைவதுமில்லை. மணநிலையையோ பாலினத்தையோ காரணங்காட்டிக் கடன் மறுத்தலை 1974ஆம் ஆண்டின் சமக் கடன் வாய்ப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தடைசெய்துள்ளன.

தீங்கு வருவது தவறிய தவணையினால். அங்கு பெரிதும் வழங்கும் ஃபைகோ புள்ளி 300 முதல் 850 வரை கணிக்கப்படும். அதில் 35 சதவீதம், தவணைகளை ஒழுங்காகச் செலுத்தினோமா என்பதைப் பொறுத்தது. 30 சதவீதம், எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தவணை 30 நாட்கள் பிந்தினால் பணியகங்களுக்கு அறிவிக்கப்படலாம். அறிவித்தால் அக்குறிப்பு 7 ஆண்டுகள் வரை நிற்கும். இணை அட்டையாயின் இருவர் பதிவேட்டிலும் அது ஏறும். தீர்ப்பைக் காட்டி அதனை அழிக்கச் சொல்ல இயலாது. ஏனெனில் அக்குறிப்பு பொய்யன்று.

இன்னொரு வேறுபாட்டையும் அறிதல் நன்று. கணவரின் அட்டையிலே பயன்படுத்த அனுமதி பெற்றவராக மட்டும் பெயர் சேர்க்கப்பட்டிருப்பின், பொதுவாக அக்கடன் மனைவியைச் சாராது. வங்கிக்கு அறிவித்துப் பெயரை நீக்கிக்கொள்ளலாம். ஆனால் கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட 9 மாநிலங்களில் தம்பதியர் பொதுச்சொத்து முறை நிலவுகிறது. அங்கே மணவாழ்வுக் காலத்தில் ஒருவர் பெயரில் பட்ட கடனும் இருவரையும் சாரக்கூடும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பிரிவு உறுதியானதும், தீர்ப்புக்குக் காத்திராமல், தம் கடன் அறிக்கையைப் பெற்று இணைக் கணக்குகளைப் பட்டியலிடவேண்டும். புதிய செலவுக்கு இடமின்றிக் கணக்கை மூடும்படி ஒருவரே வங்கியைக் கேட்கலாம். மூடினாலும் பழைய நிலுவை மறையாது. ஆதலால், வீடு முதலியவற்றை விற்ற பணத்தில் முதலில் அக்கடனைத் தீர்த்துவிட்டு எஞ்சியதைப் பங்கிடுதல் உத்தமம். அதற்கு வழியில்லையேல், பொறுப்பேற்பவர் தம் தனிப்பெயரிலுள்ள அட்டைக்கு நிலுவையை மாற்றிக்கொள்ளவேண்டும். "அவர் கட்டுவார்" என்ற வாக்குறுதியை விட, மூடிய கணக்கே மேலான காவல்.

"அப்படியானால் அவன் பட்ட கடனை என் பிள்ளை கட்டவேண்டுமா?" என்றார் அம்மையார். மனம் ஒப்பாதுதான். எனினும், குறைந்தபட்சத் தவணையையேனும் அவள் இப்போது செலுத்துவது அவருக்குச் செய்யும் உதவியன்று; தன் பெயருக்கு இடும் வேலி. செலுத்திய ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தி, அதே நீதிமன்றத்தை நாடி, கட்டளையை மீறியவரிடமிருந்து அத்தொகையைக் கோரலாம். அங்கேதான் தீர்ப்பின் பலன் உண்டு. அவர் 7ஆம் அத்தியாயத்தின்கீழ் வங்குரோத்து அடைந்தாலும், விவாகரத்துக் கட்டளையால் முன்னாள் மனைவிக்கு உரிய அப்பொறுப்பிலிருந்து விடுபட முடியாதவாறு 2005இல் சட்டம் திருத்தப்பட்டது.

நம் நாட்டிலும், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகம் கடன்பட்டோரின் பதிவுகளைப் பேணுகின்றது. தம் அறிக்கையை ஒருவர் தாமே கேட்டுப் பெறலாம். அன்பின் மிகுதியால் இணைக் கடனுக்கோ பிணைக்கோ ஒப்பமிடும் பெண்கள், அவ்வொப்பம் அன்பு மாறிய பின்னும் மாறாது நிற்கும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

அம்மையார் தீர்ப்பை மடித்து உறையிலிட்டார். அன்றிரவே மகளோடு பேசியதாகவும், முதல் தவணையை அவள் செலுத்திவிட்டுச் சட்டத்தரணியைக் காண நாள் குறித்திருப்பதாகவும் மறுநாள் சொல்லியனுப்பினார். பழைய குறிப்பு அழியச் சில ஆண்டுகள் செல்லும். ஆயினும் புதிதாக ஒரு கறை படியாமற் காப்பது இனி அவள் கையிலேயே இருக்கின்றது.