காயலான் கடைக்குப் போடும் முன்

அன்பார்ந்த ஊர்மக்களுக்கு,

போன மாதம் உப்பிலியபுரம் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பரணில் கிடந்த, சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி காயலான் கடைத் தராசில் ஏறிவிட்டது. புனலைப் பித்தளை விலைக்கும் உள்ளிருந்த இயந்திரத்தை இரும்பு விலைக்கும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தார்கள். பிளேட்டுகளுக்கு விலையே இல்லை. அரக்குத் தட்டுகள் ஆயிற்றே, லோடு ஆட்டோவில் வீசியதும் நொறுங்கிவிட்டன. நாங்கள் போனபோது கிடந்த சில்லுகளில் ஒன்றில், கம்பெனி முத்திரையில் புனல் முன்னே உட்கார்ந்திருக்கும் நாயின் பாதி உடல் மட்டும் தெரிந்தது.

“உதவாத சாமான்தானே” என்றார்கள். உதவாததா? எடிசன் ஃபோனோகிராப்பைச் செய்தது 1877-இல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடித் தட்டுக்குக் கொடுத்தது 1902-இல். நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம், அவ்வளவுதான் இடம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது வயது 27. அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டுகளால்தான். இப்போது உடைந்த தட்டுகளில் யார் யார் பாடியிருந்தார்களோ, இனி யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். 1900-களின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணப் பழங்குடி மக்களின் பாட்டுகளை ஃபோனோகிராப்பின் மெழுகு உருளைகளில் பிடித்து வைத்தார். அந்த உருளைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளைக்காரன் சேர்த்தது அங்கே பத்திரம், நம் பாட்டன் வாங்கியது இங்கே கிலோக் கணக்கில். வெட்கமாக இல்லையா?

நாம் போய்ப் பார்ப்பதும் இல்லை. புளியஞ்சோலையிலிருந்து திருச்சி 72 கிலோமீட்டர். தீபாவளிக்கு என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுக்கக் குடும்பத்தோடு போகிறோம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம். நம்மில் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறோம்? 2014-இல் திறந்த ரயில்வே பாரம்பரிய மையத்தில் நீராவி எஞ்சினையே நிறுத்தியிருக்கிறார்கள். கோவைக்குப் போகிறவர்கள் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தில் அவர் செய்த சவரக் கருவியையும் வாக்குப்பதிவு இயந்திரத்தையும் பார்க்கலாம். பள்ளிச் சுற்றுலா என்றால் அருவியும் தீம் பார்க்கும் மட்டும்தானா, ஆசிரியப் பெருமக்களே? அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் கூட்டிப் போங்கள்.

இப்போது அவசரம் வேறு. மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் பழைய ஆயில் எஞ்சினுக்குக் காயலான் கடைக்காரர் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். உரிமையாளரே, பொருள் உங்களுடையது, மறுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள். அருங்காட்சியகம் ஏற்குமா என்று நாங்களே போய்க் கேட்கிறோம். ஏற்காவிட்டால் காயலான் கடை தரும் விலையை நாங்கள் வசூல் செய்து தருகிறோம். போகிக்குப் பரணைக் காலி செய்யும் மற்ற வீட்டாரும் ஒரு போட்டோவாவது எடுத்து எங்களிடம் காட்டிவிட்டு விற்பனையைப் பேசுங்கள். சொல்லாமல் விற்றீர்களானால் உங்கள் வாசலில் வந்து கேட்போம்.

இப்படிக்கு,
புளியஞ்சோலை சுற்றுவட்டார ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், இளைஞர்கள்