நோயாளிக்கு மருந்தும் வேண்டும், வேலையும் வேண்டும்!

எய்ட்ஸ் ஒழுக்கங்கெட்டவனுக்கு வரும் தண்டனை என்று பேசுவோர் இன்னும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், காமரூன் காட்டுச் சிம்பன்சியிடமிருந்து மனிதனுக்குத் தொற்றிய கிருமி இது. காங்கோவில் பெல்ஜிய ஏகாதிபத்தியம் தன் கொள்ளைக்காகப் போட்ட ரயில் பாதை வழியே, பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து கூலிக்கு வந்தோர் நிறைந்த நகரங்களில் அது பரவியது. இந்தியாவில் 1986இல் சென்னையில் டாக்டர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர்.

பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்காத ரத்தம், பலருக்கும் ஒரே ஊசி, தாயிடமிருந்து சேய் - இவையே பரவும் வழிகள். ஆணுறை காக்கும். சேர்ந்து உண்பதாலும், ஒரே மெஷினில் வேலை செய்வதாலும் பரவாது.

ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மருந்தை, நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர 2001இல் இந்தியாவின் சிப்லா முன்வந்தது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தவறாது உண்பவர் நெடுநாள் வாழலாம்.

கிருமி இருப்பதை மட்டும் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒசூர் ஆலைகளின் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், பாகலூர்ப் பூத்தோட்டக் கூலிக்கும், மருந்து வாங்கப் போகும் நாளில் கூலியோடு விடுப்பு வேண்டும். குடும்பத்தோடு வாழ வீடு வேண்டும்.

தோழர்களே! நோயுற்றவரை ஒதுக்காதீர்! சங்கத்தில் சேர்த்து, அவருடைய வேலையைக் காப்போம்!