நேரங்காலமில்லாத வேலை



'ஆள் இல்லையே!' எந்தக் கிளைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். ஆள் இல்லாமலா போனார்கள்? சேத்தூர், தேவதானம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் என்று இந்த மலையடிவாரத்தில் எந்தச் சேரியில் விசாரித்தாலும், "முன்னால இயக்கத்துல இருந்தாப்ல, இப்ப எதுலயும் தலையிடுறதில்ல" என்று ஒருவரையாவது காட்டுவார்கள். அவர் விலை போனவர் இல்லை. பயந்தவரும் இல்லை. தாங்க முடியாமல் வீட்டோடு ஒதுங்கிக்கொண்டவர். துரோகிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இவரைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

சேத்தூரில் ஒரு வன்கொடுமை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். புகார் எழுதணும். முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கணும். விசாரணைக்கு டி.எஸ்.பி. ஆபீஸ், நிவாரணத்துக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ், வாய்தாவுக்குத் திருவில்லிபுத்தூர் கோர்ட். மாவட்டத் தலைநகர் ஒரு திசை, மாவட்ட நீதிமன்றம் இன்னொரு திசை. மில்லில் ஷிப்டு போனால் அன்றைய கூலி போச்சு. பெட்ரோல் சொந்தக் காசு. ராத்திரி பதினோரு மணிக்கு போன்: "அண்ணே, சாட்சி பல்டி அடிக்கப் போறானாம்." விடிஞ்சா சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, புருசன் பொண்டாட்டி சண்டை. எல்லாத்துக்கும் ஒரே ஆள். அந்த ஆள் பெண்ணாக இருந்துவிட்டால் மாலைப் பள்ளியை முடித்துவிட்டு வந்து உலையும் வைக்க வேண்டும், ஊர் வாயையும் கேட்க வேண்டும்.

1928இல் பம்பாய் சட்டசபையில் அண்ணல் அம்பேத்கர் மகர் வதன் முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். மகர்கள் சர்க்காருக்குப் பரம்பரை ஊழியம் செய்தாக வேண்டும். கூலி பெயருக்குத்தான். ராப்பகல் எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும். அவன் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் வேறொருவர் போக வேண்டும். நமக்குத் தெரியாத கதையா இது? எழவு சொல்லப் போனது யாரு? செத்த மாட்டைத் தூக்கினது யாரு? இந்த முறைக்கு எதிராக எழுந்த இயக்கம், தன் தொண்டனிடம் நேரமும் கூலியும் எல்லையும் இல்லாத வேலையைக் கேட்கலாமா? 'தியாகம்' என்று பேரை மாற்றி வைத்தால் போதுமா?

உடனே ஒரு பதில் வரும்: 'அண்ணல் ஓய்வெடுத்தாரா?' ஏப்ரல் 14 மேடைகளில் பெருமையாகச் சொல்வோம், அரசியல் சட்டத்தை அவர் ஒருவரே சுமந்தார் என்று. சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பர் 5. வரைவுக்குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவருக்கு சமஸ்தான வேலை, ஓரிருவர் டில்லிக்கு வெளியே. ஆக, சுமை அம்பேத்கர் தலையில். அவர் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் பாராட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது மற்றவர்கள் மேல் ஒரு குற்றப்பத்திரிகை. நம் கமிட்டிகளில் எத்தனை பேர் 'அமெரிக்காவில்' இருக்கிறார்கள்?

1951 ஆகஸ்ட் 10 அன்று அவர் நேருவுக்கு எழுதிய கடிதம் இதைவிடக் கனமானது. உடல்நிலை கவலையளிக்கிறது, ஒரு மாதம் தொடர்ந்து சிகிச்சை தேவை என்கிறார்கள் மருத்துவர்கள், அதற்கு முன் இந்து சட்ட மசோதாவை முடித்துவிட வேண்டும் என்று கேட்டார். முடிக்கவில்லை. செப்டம்பரில் பதவி விலகினார். 1956 டிசம்பர் 6இல் இறக்கும்போது வயது 65தான். உடம்பை நொறுக்கிக்கொள்வதற்கு இவரை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்தக் கடிதத்தையும் படிக்க வேண்டும்.

'பர்ன்அவுட்' என்று இன்று கம்பெனிக்காரர்கள் பேசுகிற சொல் கூட நம்மைப் போன்ற இடத்தில் பிறந்ததுதான். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் பகல் வேலை முடித்து வந்து ராத்திரி தொண்டு செய்த உளவியலாளர் ஃபிராய்டன்பெர்கர், தன்னையும் கூட இருந்த தொண்டர்களையும் பார்த்து 1974இல் அதை எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தொழில் சார்ந்த நிலை என்று வரையறுத்தது. சம்பளமில்லாத வேலைக்காரன் அதிலும் வரிசைக்கு வெளியே!

இதில் ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆவது விதியைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவு, விவசாயக் கூலிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத நாள்படி. பெண்கள், சிறுவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், உடல் ஊனமுற்றோர் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிவரலாம். அந்தத் துணையாளுக்கும் படி உண்டு. 17ஆவது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவர் சமூகப் பணியாளரின் உதவியைப் பெறுவதை உரிமை என்கிறது. இத்தனை இருந்தும் சர்க்கார் தர வேண்டிய பஸ் காசை நம்ம பையன் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் நோகிறான், சர்க்கார் தப்பிக்கிறது. மனு போடுங்கள். படியைக் கேட்டு வாங்குங்கள். எல்லை போடுவது சோம்பேறித்தனம் இல்லை. யார் வேலை யாருடையது என்று கணக்குப் பிரிப்பது.

'அடி விழும்போது கடிகாரம் பார்க்க முடியுமா?' முடியாது. குடிசை எரிகிற ராத்திரிக்கு எல்லோரும்தான் ஓடணும். ஆனால் எல்லா ராத்திரியும் எரிகிற ராத்திரி இல்லை. ரேஷன் கார்டு விடிந்த பிறகு போகலாம். அதற்கும் அவரையே கூட்டிப் போய் மனு எழுதப் பழக்கினால் அடுத்த முறை நம்மைத் தேட மாட்டார். ஒவ்வொரு வழக்குக் கட்டும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். போனை முறை வைத்து எடுக்கலாம். செலவை நோட்டில் எழுதிக் கிளையில் வைத்துப் பேசலாம். பரீட்சை நேரத்தில் மாணவத் தோழர் "இந்த மாசம் முடியாது" என்றால், அடுத்த கூட்டத்தில் அவரை யாரும் குத்திக்காட்டக் கூடாது.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன்னால், வீட்டோடு இருந்துவிட்ட அந்தத் தோழரைப் போய்ப் பாருங்கள். "திரும்பி வாங்க" என்று எடுத்ததும் கேட்க வேண்டாம். எந்த வேலை அவரை முறித்தது என்று கேட்டு எழுதி வாருங்கள்.